பல வாடிக்கையாளர்களின் இணையதளங்களைப் பராமரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே ஓர் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவர் தம் நினைவாற்றலை நம்பிக் காலம் தள்ளிவிடலாம். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) எந்த மாதம் காலாவதியாகிறது, எந்த பிளகினை (கூடுதல் வசதி தரும் துணைநிரலை) அப்டேட் செய்தால் தொடர்புப் படிவம் தகராறு செய்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அதே மனிதர் இருபது வாடிக்கையாளர்களின் தளங்களை ஏற்றுக்கொண்ட பிறகு, நினைவாற்றல் கைவிட்டுவிடுகிறது. ஒரு தளத்தில் செய்த சிறு கவனக்குறைவு மற்ற தளங்களுக்கும் பரவும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இந்த வேலையில் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எல்லாத் தளங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்க வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டு தேவைகளிலிருந்து பிறந்தவை.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும், இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸிலிருந்து தந்திருக்கிறேன். உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அதில் இயங்குவதால், பராமரிப்புக்கு வரும் தளங்களில் பெரும்பாலானவை அதுவாகவே இருக்கும்.

படி 1: முதலில் பதிவேடு

புதிய வாடிக்கையாளர் வந்தவுடன் தளத்தைத் திறந்து எதையாவது திருத்தத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, முதல் நாளைப் பதிவேட்டுக்கு ஒதுக்குங்கள். டொமைன் எங்கே, யார் பெயரில் பதிவாகியுள்ளது, டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வருடன் இணைக்கும் அமைப்பு) யார் கையில் இருக்கிறது, ஹோஸ்டிங் (தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் சேவை) கணக்கின் உரிமையாளர் யார், தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல்மொழி எந்தப் பதிப்பு, தோற்றத்தைத் தரும் தீம் எது, எந்தெந்த பிளகின்கள், அவற்றில் பணம் கட்டி வாங்கியவை எவை, அவற்றின் உரிமம் என்றைக்கு முடிகிறது, மின்னஞ்சல் எந்தச் சேவை வழியாகப் போகிறது, நள்ளிரவில் தளம் விழுந்தால் யாரை அழைப்பது என்ற அனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். சாதாரண விரிதாளே போதும். எல்லாத் தளங்களுக்கும் அதே கட்டங்கள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

டொமைன் எப்போதும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் முகவரியில் இருக்க வேண்டும். டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்கு, காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனங்கள் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. ஆனால் அந்தக் கடிதம், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஊழியரின் பெட்டிக்குப் போனால் யாருக்குத் தெரியும்? காலாவதியாகி நீக்கப்பட்ட டொமைனை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதுவும் கடந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். எனவே தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வைத்தாலும், உங்கள் நாட்காட்டியில் 60 நாளுக்கு முன்பாக ஒரு நினைவூட்டலைப் போட்டு வையுங்கள். தானியங்கிப் புதுப்பித்தல் தவறுவது பெரும்பாலும் கணக்கில் உள்ள வங்கி அட்டை காலாவதியானதால்தான்.

தளத்துடனான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் விஷயத்திலும் கைமுறைக்கு இனி இடமில்லை. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027-இல் 100 நாட்கள், 2029-இல் 47 நாட்கள் என்று படிப்படியாகக் குறையும்படி 2025 ஏப்ரலில் முடிவாகியது. இந்தச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அனுப்புவதையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். அது நடந்ததா என்று பார்க்கும் வேலையைச் சர்வருக்கு வெளியிலிருந்து வேறொரு கருவி செய்ய வேண்டும்.

படி 2: ஒவ்வொரு தளத்துக்கும் தனி வீடு, தனிச் சாவி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள் என்பேன்.

தொடக்க காலத்தில், செலவைக் குறைப்பதற்காக ஆறு சிறிய தளங்களை ஒரே ஹோஸ்டிங் கணக்கில் அடுத்தடுத்த கோப்புறைகளாக வைத்திருந்தேன். ஒரு நாள் அவற்றில் ஒன்று, தேடுபொறியிலிருந்து வருபவர்களை மட்டும் சூதாட்டப் பக்கம் ஒன்றுக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. முகவரியை நேரடியாகத் தட்டிப் பார்த்த எனக்கும் வாடிக்கையாளருக்கும் தளம் நன்றாகவே தெரிந்தது. தீநிரலைக் கண்டுபிடித்து நீக்கினேன். மறுநாள் காலை திரும்பி வந்திருந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. மூன்றாம் நாள் அந்தத் தளத்தையே முழுதாகப் புதிதாக நிறுவியும் பயனில்லை. நான்காம் நாள்தான், அதே கணக்கில், மூன்று ஆண்டுகளுக்கு முன் சோதனைக்காக நானே உருவாக்கி மறந்துபோன ஒரு நகல் தளம் கண்ணில் பட்டது. அதில் அன்றைய பிளகின்கள் அன்றைய நிலையிலேயே கிடந்தன. நுழைந்தவர்கள் அந்தப் பழைய நகல் வழியாக உள்ளே வந்து, ஒரே பயனர் அனுமதியில் இயங்கிய மற்ற எல்லாக் கோப்புறைகளுக்கும் நடந்து போய்வந்திருக்கிறார்கள். முன்வாசலை நான் பூட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

ஆகவே ஒவ்வொரு தளமும் தனிச் சர்வர் பயனரின்கீழ் இயங்க வேண்டும்; தனித் தரவுத்தளம், அதற்கென்று தனிப் பயனர், தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும். ஒரு தளத்தின் நிரல் பக்கத்துத் தளத்தின் கோப்பைப் படிக்கக்கூட முடியக் கூடாது. சோதனை நகல் உருவாக்கும்போதே அதை அழிக்கும் தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

சாவிகளுக்கும் இதே விதி பொருந்தும். எல்லா வாடிக்கையாளர் தளங்களிலும் ஒரே நிர்வாகிப் பெயர், ஒரே கடவுச்சொல் என்று வைப்பது, ஒரு சாவி தொலைந்தால் ஊரையே திறந்துவிடும் ஏற்பாடு. கடவுச்சொல் மேலாளர் ஒன்றைப் பயன்படுத்தி, தளத்துக்கு ஒன்றாக நீளமான சொற்களை உருவாக்குங்கள்; நிர்வாகிக் கணக்குகள் அனைத்துக்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். உங்களோடு இருவர் வேலை செய்தால் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். அப்போதுதான் ஒருவர் விலகும்போது அவருடைய கணக்கை மட்டும் நீக்க முடியும், யார் எப்போது என்ன மாற்றினார் என்ற தடமும் இருக்கும்.

மெயின்டபிள்யூபி, மேனேஜ்டபிள்யூபி போன்ற கருவிகள் எல்லாத் தளங்களையும் ஒரே திரையில் காட்டுகின்றன. அவற்றைப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்கிறேன். இருபது தளங்களுக்கு ஒவ்வொன்றாக உள்நுழைந்து பார்ப்பவர் விரைவில் பார்ப்பதையே விட்டுவிடுவார். ஆனால் அந்தத் திரை, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்து வைத்த தளங்களை மீண்டும் ஒரு கொத்தில் கோத்த சாவி என்பதை மறக்க வேண்டாம். நீங்களே நிறுவும் கருவி என்றால் அதைத் தனிச் சர்வரில், எதுவானாலும் இருபடிச் சரிபார்ப்போடு, முடிந்தால் குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

படி 3: பேக்கப் எடுப்பதும், அதை மீட்டுப் பார்ப்பதும்

மூன்று பிரதிகள், இரண்டு வேறு ஊடகங்கள், ஒன்றாவது வேறு இடத்தில் என்பது பழைய விதி. அந்த "வேறு இடம்" ஏன் தேவை என்பதற்கு 2021 மார்ச் 10 ஒரு சாட்சி. அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. சர்வரையும் பேக்கப்பையும் ஒரே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் பேக்கப் வசதிதான். ஆனால் அதை மட்டும் நம்புவது கூடாது. தளத்திலிருந்து கழற்றிய பிரதி ஒன்று வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கட்டும். அந்தச் சேமிப்பகத்துக்குத் தளம் புதிய கோப்பை எழுத மட்டுமே அனுமதி பெற்றிருக்கட்டும். தளத்துக்குள் நுழைந்தவர் பழைய பேக்கப்பை அழிக்க முடியாதபடி அது இருக்க வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அடுத்த கேள்வி. ஏழு நாள் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊடுருவல் நடந்து பல வாரங்கள் கழித்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகிறது. அப்போது கையில் இருக்கும் ஏழு பிரதிகளும் நோயுற்றவையாகவே இருக்கும். தினசரிப் பிரதி 30 நாளுக்கு, மாதப் பிரதி ஓராண்டுக்கு என்பது என் வழக்கம். விற்பனைத் தளங்களுக்குத் தினசரியும் போதாது. ஒரு நாள் பின்னோக்கிப் போனால் ஒரு நாளின் ஆர்டர்கள் மறைந்துவிடும் என்பதால், தரவுத்தளத்தை மட்டுமாவது மணிக்கொரு முறை எடுக்க வேண்டும்.

பேக்கப் இருக்கிறது என்பதற்கு ஒரே அத்தாட்சி, அதை மீட்டுப் பார்த்தது. ஒரு தளத்தில் நாள்தோறும் "வெற்றி" என்று அறிக்கை வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சும்மா திறந்து பார்த்தபோது, ஐந்து வாரங்களாகத் தரவுத்தளக் கோப்பின் அளவு சுழியம். வட்டு நிரம்பியதால் கோப்பு உருவாகி, உள்ளடக்கம் எழுதப்படாமலே போயிருந்தது. அன்றிலிருந்து மாதந்தோறும் இரண்டு தளங்களைத் தேர்ந்து, வெற்றுச் சர்வர் ஒன்றில் முழுதாக மீட்டெடுத்து, முகப்பும் உள்நுழைவும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பதிவேட்டில் குறிக்கிறேன். வாடிக்கையாளர் பதற்றத்தோடு அழைக்கும் நேரத்தில் "நாற்பது நிமிடத்தில் தளம் வந்துவிடும்" என்று சொல்ல அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

படி 4: அப்டேட்டுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

"அப்டேட் செய்தால் தளம் உடைந்துவிடும்" என்று அஞ்சுபவர்களுக்கும், "செய்யாவிட்டால் ஊடுருவிவிடுவார்கள்" என்று அஞ்சுபவர்களுக்கும் இடையிலான வாதத்தில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது இரு வேறு வகை அப்டேட்டுகளைப் பற்றி.

பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு வகை. 2014 அக்டோபர் 15-இல், வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான துருபலில் இயங்கும் தளங்களைப் பாதித்த ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதிச் செயல்படுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. வேர்ட்பிரஸ் 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பை வெளியிட்டபோது, அதில் அடைக்கப்பட்ட மிக ஆபத்தான ஓட்டை எது என்பதைச் சில நாட்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. தானியங்கி அப்டேட் இயங்கிய தளங்கள் அதற்குள் தப்பித்துக்கொண்டன. அதை அணைத்து வைத்திருந்தவற்றில் ஏராளமானவற்றின் பக்கங்கள் சிதைக்கப்பட்டன. வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த வகைக்குப் பொருந்தாது. 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதல் வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. அந்த வசதியை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

வசதிகளைக் கூட்டும் பெரிய பதிப்புகள் இரண்டாம் வகை. இவற்றுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். முதலில் பேக்கப், பிறகு சோதனை நகலில் அப்டேட், பிறகு உண்மைத் தளம். பல தளங்களை வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது: ஒரே பிளகின் பன்னிரண்டு தளங்களில் இருந்தால், போக்குவரத்து குறைந்த தளத்தில் முதலில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். எல்லாத் தளங்களையும் ஒரே அச்சில் அமைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் பயன் இதுதான். படிவத்துக்கு ஒரு பிளகின், கேச்சுக்கு (பக்கங்களைத் தயாராகச் சேமித்து வைத்து வேகமாகத் தருவதற்கு) ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என்று உங்களுக்கென ஒரு பட்டியலை முடிவுசெய்து, வரும் தளங்களை எல்லாம் சில மாதங்களுக்குள் அதற்கு மாற்றிவிடுங்கள்.

பயன்படாத பிளகின்களைச் செயலிழக்கச் செய்தால் போதாது, நீக்க வேண்டும். கோப்பு சர்வரில் இருக்கும்வரை அதன் ஓட்டையும் இருக்கும். பணம் கட்டி வாங்கிய பிளகின்களின் உரிமம் முடிந்தால், பலவற்றில் அப்டேட் வருவது சத்தமின்றி நின்றுவிடும். திரையோ "எல்லாம் புதியவை" என்று காட்டிக்கொண்டிருக்கும். பிஎச்பியையும் மறக்க வேண்டாம்: 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்தது, 8.1-க்கான காலம் 2025 டிசம்பர் 31 வரைதான்.

படி 5: அடிப்படைப் பூட்டுகள்

இதை ஒரு முறை செய்து, எல்லாத் தளங்களுக்கும் ஒரே மாதிரியாகப் போட்டுவிடலாம். உள்நுழைவு முயற்சிகளுக்கு வரம்பு வையுங்கள். வெளிச் செயலிகள் தளத்தோடு பேச உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வசதியைத் தளம் பயன்படுத்தவில்லை என்றால் மூடிவிடுங்கள். கடவுச்சொற்களை முயன்று பார்க்க அது இன்னொரு வழி தருகிறது. நிர்வாகத் திரையிலிருந்தே தீம் கோப்புகளைத் திருத்தும் வசதியை அணையுங்கள். படங்கள் பதிவேறும் கோப்புறையில் பிஎச்பி நிரல் இயங்கக் கூடாது. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் குறிக்கும் அனுமதி எண்களில், கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அளவுகளைத் தாண்டாதீர்கள். ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்க யாரோ 777 (எவரும் எழுதலாம்) என்று மாற்றிவிட்டுப் போன கோப்புறைகள், புதிதாக வரும் தளங்களில் அடிக்கடி கிடைக்கின்றன. கட்டுரை எழுதுபவருக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை.

படி 6: வாடிக்கையாளருக்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும்

மாதத்தில் 99.9 விழுக்காடு நேரம் தளம் இயங்கும் என்ற உறுதிமொழியிலேயே ஏறத்தாழ 43 நிமிட நிறுத்தத்துக்கு இடம் இருக்கிறது. அந்த நிறுத்தம் எப்போது நடந்தது என்று வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும் என்ற நிலை பராமரிப்பாளருக்கு அழகல்ல. ஒவ்வொரு தளத்தையும் வெளியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும் கருவியை அமையுங்கள். சர்வர் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும்படி விடாமல், பக்கத்தின் அடியில் உள்ள நிறுவனப் பெயர் போன்ற ஒரு சொல் இருக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கம்கூடச் "சரி" என்று பதில் தரும்.

தளம் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். படிவம் விழுந்தால் தெரியாது. ஒருவர் விசாரணை எழுதி அனுப்புகிறார், திரையில் நன்றி சொல்கிறது, கடிதம் மட்டும் போய்ச் சேருவதில்லை. தளத்திலிருந்து போகும் மின்னஞ்சலைச் சர்வரின் கையில் விடாமல், தனி அனுப்புசேவை வழியாக அனுப்பி, கடிதம் உண்மையில் அந்த டொமைனிலிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை டொமைனில் ஏற்படுத்துங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநரின் அடையாளத்தை மிகக் கண்டிப்பாகச் சரிபார்க்கின்றன. அதன் பிறகும், மாதம் ஒரு முறை ஒவ்வொரு தளத்தின் படிவத்தையும் கையால் நிரப்பி அனுப்பி, கடிதம் வந்ததா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். இருபது தளங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் செலவிடும் மணிகளில் மிகப் பயனுள்ளது அதுதான்.

படி 7: ஊடுருவல் நேர்ந்துவிட்டால்

பதறி நீக்கத் தொடங்காதீர்கள். முதலில் தளம் இருக்கும் நிலையிலேயே கோப்புகள், தரவுத்தளம், சர்வர் பதிவுகள் ஆகியவற்றின் பிரதியை எடுங்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அன்றே உண்மையைச் சொல்லிவிட்டு, தளத்தைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோங்கள். பிறகு வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும் பிளகின்களையும் தேடித் திருத்தாமல், முழுதாக அழித்துப் புதிய பிரதிகளைப் போடுங்கள். படக் கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஒளிந்திருக்கிறதா, தெரியாத நிர்வாகிகள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, நேரம் குறித்த பணிகளில் புதியது ஏதும் உண்டா என்று பாருங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் புதுப்பியுங்கள். அதைச் செய்யாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அமர்வு தொடரும். கூகுள் எச்சரிக்கை போட்டிருந்தால், தள உரிமையாளர்களுக்கு அது தரும் சர்ச் கன்சோல் கருவியில் மறுஆய்வு கோரலாம். நுழைந்த வழி தெரியும்வரை வேலை முடியவில்லை என்றே கருதுங்கள்.

படி 8: வேகம்

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். கூகுளின் அளவுகோல்கள் மூன்று: பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும்; தட்டினால் 200 மில்லிநொடிக்குள் எதிர்வினை வர வேண்டும்; பக்கம் குதிப்பதைக் காட்டும் எண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் 75 விழுக்காட்டிலாவது இவை நிறைவேறினால்தான் தேர்ச்சி. உங்கள் கணினியில் கிடைக்கும் சோதனை மதிப்பெண்ணைவிட, உண்மையான வருகையாளர்களின் கைப்பேசிகளிலிருந்து திரளும் இந்த எண்களே முக்கியம்.

பெரும்பாலும் பலன் தரும் வரிசை இது: நல்ல ஹோஸ்டிங்கும் புதிய பிஎச்பியும், பக்க கேச், படங்கள், வெளி நிரல்கள், கடைசியாகத் தரவுத்தளம். படங்களை வெப்பி (WebP) அல்லது ஏவிஃப் (AVIF) வடிவில், காட்டும் அளவுக்கே சுருக்கித் தாருங்கள். பக்கத்தை நகர்த்தி அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றும், சோம்பல் ஏற்றம் எனப்படும் வசதியை எல்லாப் படங்களுக்கும் கண்மூடிப் போட்டுவிடுகிறார்கள். முகப்பின் உச்சியில் உள்ள பெரிய படத்துக்கும் அது சேர்ந்துவிட்டால், வருகையாளர் முதலில் காண வேண்டியதே கடைசியில் வருகிறது. அந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்குத் தந்தாலே பல தளங்களில் நொடிக்கணக்கில் வித்தியாசம் தெரியும். விற்பனைத் தளங்களில் கூடை, பணம் செலுத்தும் பக்கம், கணக்குப் பக்கம் ஆகியவற்றைக் கேச்சிலிருந்து விலக்குங்கள். ஒருவரின் கூடை இன்னொருவருக்குத் தெரியும் அவலம், அப்படி விலக்காமல் விடுவதால்தான் நேர்கிறது. தரவுத்தளத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே ஏறும் அமைப்புகளின் மொத்த அளவைப் பாருங்கள். 800 கிலோபைட்டைத் தாண்டினால் வேர்ட்பிரஸே இப்போது எச்சரிக்கிறது. என்றோ நீக்கிய பிளகின்களின் எச்சங்களே பெரும்பாலும் அங்கே குவிந்திருக்கும்.

படி 9: எழுத்தில் ஒப்பந்தம், மாதந்தோறும் அறிக்கை, முறையான விடைபெறல்

எவை மாதக் கட்டணத்துக்குள் அடங்கும், எவை தனி வேலை, தளம் விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் தருவீர்கள் என்பதை முதலிலேயே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மாத அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: என்ன அப்டேட் நடந்தது, பேக்கப் எப்போது மீட்டுச் சோதிக்கப்பட்டது, எத்தனை நிமிடம் தளம் நின்றது, அடுத்த மூன்று மாதங்களில் எது காலாவதியாகிறது.

வாடிக்கையாளர் விலகும் நாளும் வரும். அன்று பதிவேட்டில் அவருடைய பக்கத்தை அச்சிட்டு, கடைசிப் பேக்கப்போடு சேர்த்து ஒப்படையுங்கள். உங்கள் உரிமத்தில் இயங்கிய பிளகின்கள் எவை என்று குறித்துக் கொடுங்கள். அவர் தாமே வாங்கிக்கொள்ள ஒரு மாத அவகாசம் தருவது முறை. பிறகு அவர் முன்னிலையிலேயே தளம், ஹோஸ்டிங், டிஎன்எஸ், சர்ச் கன்சோல் ஆகிய நான்கிலிருந்தும் உங்கள் கணக்குகளை நீக்கி, உங்கள் கடவுச்சொல் மேலாளரில் உள்ள அவருடைய பகுதியையும் அழித்துவிடுங்கள்.